பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட் முடித்தால் அமெரிக்காவில் அதே வேலைக்குப் போக முடியுமா?

மகள் பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்கிறாள், எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை, பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பில் சேர்த்தால் நான்கே வருஷத்தில் அமெரிக்கா போய்விடலாம், அங்கே டாக்டருக்கு அடுத்தபடியான வேலை, லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் என்று ஒரு கல்வி ஆலோசகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிப் பணம் கட்டலாமா என்பது உங்கள் கேள்வி. வேலையைப் பற்றி அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. சம்பளமும் சரிதான், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி ஆண்டுக்கு 1,30,020 டாலர் என்பது இடைநிலைச் சம்பளம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேல் வாங்குகிறார்கள், பாதிப் பேர் அதற்குக் கீழ். ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி என்று அவர் காட்டியது வழியே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்ந்து, நான்கு வருஷம் கழித்துத் தெரிந்துகொள்கிற பிள்ளைகள் உண்டு என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், சந்தேகமே இல்லாத விஷயம். அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் பிசிஷியன் அசிஸ்டன்ட் லைசென்ஸ் வாங்க ‘பான்ஸ்’ என்ற தேசியத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதை நடத்துவது என்.சி.சி.பி.ஏ. என்ற சான்றளிப்பு அமைப்பு. அந்தத் தேர்வில் உட்கார, ஏ.ஆர்.சி.-பி.ஏ. என்ற அங்கீகாரக் குழு ஒப்புதல் தந்த ஒரு படிப்பை முடித்திருக்க வேண்டும். அந்தக் குழு அங்கீகரிப்பது அமெரிக்காவில் நடக்கும் படிப்புகளை மட்டுமே. ஆகவே இந்தியாவில் வாங்கிய பி.எஸ்சி. பட்டத்தைக் காட்டி அந்தத் தேர்வை எழுத முடியாது. இது பி.எஸ்சி.யைக் குறைத்து மதிப்பிடுவதால் வந்த விதி என்று நினைக்க வேண்டாம். இங்கே எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து இருபது வருஷம் பிராக்டிஸ் செய்த டாக்டருக்கும் அதே விதிதான். அவரும் அங்கே பிசிஷியன் அசிஸ்டன்ட் ஆக விரும்பினால் அமெரிக்கப் படிப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். அனுபவத்தைக் கழித்துக் கொடுக்கும் குறுக்குவழியோ, சமநிலைத் தேர்வோ கிடையாது. இந்திய பி.எஸ்சி. அங்கே எதற்குப் பயன்படும் என்றால், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கத் தேவையான இளநிலைப் பட்டமாக. அதுவும் சில நிபந்தனைகளோடு, பிறகு வருகிறேன்.

இந்த வேலை எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால், அங்கே ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பது புரியும். 1960-களில் அமெரிக்காவில் டாக்டர் பற்றாக்குறை. சிறு ஊர்களில் இன்னும் மோசம். டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த யூஜின் ஸ்டெட் 1965-இல் இரண்டு வருஷப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார். முதலில் எடுத்த நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்து வெளியே வந்தவர்கள். காயம் கட்டவும், நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் நிலைமையை எடைபோடவும் கைப்பழக்கம் இருந்தவர்கள்; சான்றிதழ்தான் இல்லை. அவர்களில் மூவர் 1967-இல் பட்டம் பெற்றார்கள். அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு மருத்துவக் கல்லூரிப் பாடத்தின் சாரத்தைச் சொல்லிக்கொடுத்து, ஒரு டாக்டரோடு சேர்த்து வேலை செய்யவைப்பது என்பதே அடிப்படை யோசனை. இன்றும் அமெரிக்கப் பள்ளிகள் (இந்தப் படிப்பை நடத்தும் கல்லூரிகளைத்தான் சொல்கிறேன்) மதிப்பெண்ணோடு நோயாளிகளைத் தொட்டுப் பழகிய மணிநேரக் கணக்கையும் கேட்பது அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

வேலை என்ன என்று கேட்டால், ‘டாக்டருக்கு உதவியாளர்’ என்று நினைத்துக்கொண்டால் தவறாகப் புரியும். நோயாளியிடம் விவரம் கேட்பது, உடலைப் பரிசோதிப்பது, பரிசோதனைகளுக்கு எழுதுவது, முடிவுகளைப் படிப்பது, நோயைக் கணிப்பது, மருந்து எழுதுவது, தையல் போடுவது, அறுவை சிகிச்சையில் முதல் உதவியாளராக நிற்பது எல்லாம் இந்த வேலைக்குள் வரும். ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதும் அதிகாரம் உண்டு. ஆனால் எல்லை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வலுவான வலிநிவாரணிகள் அடங்கிய இரண்டாம் அட்டவணை மருந்துகளை டெக்சஸில் மருத்துவமனை, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் போன்ற சூழலில்தான் எழுத முடியும். வேறு மாநிலங்களில் வெளிநோயாளி கிளினிக்கிலேயே எழுதலாம்.

ஒரு அவசர சிகிச்சைப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரர் நெஞ்சு வலி என்று வருகிறார். பல இடங்களில் முதலில் பார்ப்பது பிசிஷியன் அசிஸ்டன்ட்தான். வந்த பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து, அதை ஒருவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இதயத்தின் கீழ்ப்பகுதியைக் காட்டும் லீடுகளில் (ஈ.சி.ஜி. இணைப்புகளில்) மாரடைப்பைக் காட்டும் எஸ்.டி. கோடு உயர்ந்திருந்தால் உடனே வலப்பக்க லீடும் வைத்துப் பார்க்க வேண்டும். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தை அதலபாதாளத்துக்குக் கொண்டுபோய்விடும். நைட்ரேட் கொடுக்கும் முன் ஆண்மைக்குறைவு மாத்திரை சாப்பிட்டாரா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது. வலி கிழிப்பதுபோல் முதுகுக்குப் போகிறது, இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் வெகுவாக வேறுபடுகிறது என்றால் மகாதமனி கிழிந்திருக்கலாம். அப்போது மாரடைப்பு என்று நினைத்து ரத்த உறைவைத் தடுக்கும் ஹெபாரின் ஏற்றினால் ஆள் பிழைப்பது கஷ்டம். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை முதல் முறை சரியாக இருந்தாலும் வலி இப்போதுதான் தொடங்கியது என்றால் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இத்தனையும் யோசித்துவிட்டு, எந்தக் கட்டத்தில் அட்டெண்டிங் டாக்டரை, அதாவது பொறுப்பில் இருக்கும் மூத்த டாக்டரை, கூப்பிட வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. தாமதமாகக் கூப்பிடுபவர் ஆபத்தானவர். எல்லாவற்றுக்கும் கூப்பிடுபவரை வைத்துக்கொண்டு ஒரு பிரிவை ஓட்ட முடியாது. இந்த நிதானம் வர, முழுநேர வேலையிலும் ஓரிரு வருஷமாவது ஆகும்.

அறுவை சிகிச்சைப் பக்கம் வேலையின் முகமே வேறு. இதய பைபாஸில் சர்ஜன் மார்புக்கூட்டின் உள்ளே மார்புத் தமனியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, அதே நேரத்தில் காலிலிருந்து சஃபீனஸ் சிரையை எடுப்பது பெரும்பாலும் பிசிஷியன் அசிஸ்டன்ட். முழங்கால் அருகே சிறு கீறல், உள்ளே எண்டோஸ்கோப், இடத்தை விரிக்கக் கரியமில வாயு. சிரையின் கிளைகளைச் சுட்டோ கிளிப் போட்டோ துண்டிக்க வேண்டும். பொறுமையில்லாமல் இழுத்தால் கிளை வேரோடு பிய்ந்து சிரையின் சுவரில் ஓட்டை விழும். எடுத்த பிறகு ஒழுகுகிறதா என்று உப்புநீர் செலுத்திப் பார்ப்பார்கள். அதிக அழுத்தத்தில் உப்பவிட்டால் உட்சுவர் செதில்கள் பாழாகி, இன்று நன்றாகத் தெரியும் இணைப்பு நாளடைவில் அடைத்துக்கொள்ளும். சிரைக்குள் வால்வுகள் ஒரே திசையில் திறப்பதால் எந்த நுனி மேல், எது கீழ் என்று குறித்துவைத்து, தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டும். தியேட்டரை விட்டு வந்த பிறகு ஐ.சி.யூ.வில் டிரெயின் எவ்வளவு வடிகிறது, சிறுநீர் போகிறதா, எப்போது வென்டிலேட்டரிலிருந்து எடுக்கலாம் என்று இரவு முழுக்கப் பார்ப்பதும் இவர்களே.

பொறுப்பு யாருடையது என்பதில்தான் இப்போது அங்கே விதிகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. பழைய அமைப்பில் பெயர் குறிப்பிட்ட ஒரு டாக்டரோடு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும், அவர் மேற்பார்வை. 2017-இல் இந்தத் தொழிலின் தேசிய சங்கம் அந்தக் கட்டாய ஒப்பந்தத்தை எடுக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. அதற்குப் பிறகு வடக்கு டகோட்டா, யூட்டா, வயோமிங் போன்ற மாநிலங்கள் வெவ்வேறு அளவில் தளர்த்தின. இன்னும் பல மாநிலங்களில் பழைய ஏற்பாடே. 2021-இல் அந்தச் சங்கம் பெயரை ‘பிசிஷியன் அசோசியேட்’ என்று மாற்றத் தீர்மானித்தது. சட்டத்திலேயே மாற்றிய முதல் மாநிலம் ஓரிகன், 2024-இல். டாக்டர்களின் சங்கங்கள் இந்த இரண்டையும் எதிர்க்கின்றன. பத்து வருஷம் கழித்து எல்லை எங்கே நிற்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் மட்டும் தெளிவு: பிசிஷியன் அசிஸ்டன்ட் பார்த்த நோயாளிக்கு, டாக்டர் பார்த்தால் தரும் கட்டணத்தில் 85 சதவீதம் தரும். ஒரு மருத்துவமனை ஏன் இவர்களை விரும்பி எடுக்கிறது என்பதற்கான பெரிய காரணம் இதில் இருக்கிறது. கட்டணத்தில் 15 சதவீதம் குறைகிறது. சம்பளச் செலவு டாக்டருக்குக் கொடுப்பதில் பாதிகூட ஆவதில்லை.

இனி அமெரிக்க வழி. ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம். அதற்குள் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், பெரும்பாலும் கரிம வேதியியல் அல்லது உயிர்வேதியியல், புள்ளியியல், உளவியல். ஒவ்வொரு பள்ளியின் பட்டியலும் கொஞ்சம் வேறுபடும். அடுத்து நோயாளி பராமரிப்பு அனுபவம். ஆயிரம் மணி நேரம் என்பது பல பள்ளிகளின் அடிமட்டம். இடம் கிடைப்பவர்கள் பலரிடம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். ஆம்புலன்ஸ் பணியாளர், நர்சிங் உதவியாளர், மெடிக்கல் அசிஸ்டன்ட், மூச்சுச் சிகிச்சையாளர் போன்ற வேலைகள் கணக்கில் வரும். டாக்டர் சொல்வதைத் தட்டச்சு செய்யும் ஸ்கிரைப் வேலையைச் சில பள்ளிகள் ஏற்கும், சில ஏற்காது. வெறுமனே பின்னால் நின்று பார்த்ததை நோயாளி பராமரிப்பாக எழுதினால் தனியாகப் பிரித்துக் கழித்துவிடுவார்கள். விண்ணப்பம் ‘கேஸ்பா’ என்ற பொதுத் தளம் வழியாக. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் திறக்கும். பல பள்ளிகள் வரும் வரிசையிலேயே பார்த்து இடத்தை நிரப்புகின்றன. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்புவது விதிப்படி சரி, நடைமுறையில் பாதி இடம் போன பிறகு வரிசையில் நிற்பது.

படிப்பு சராசரியாக 27 மாதம், முதுநிலைப் பட்டம். முதல் பாதி வகுப்பறை: மருந்தியல், நோயியல், மருத்துவ இயல், உடற்கூறு அறுப்பு என்று வாரம் முழுக்க. வேலை பார்த்துக்கொண்டே படிப்பதைப் பெரும்பாலான பள்ளிகள் தடுக்கின்றன. தடுக்காவிட்டாலும் நேரம் இருக்காது. இரண்டாம் பாதி மருத்துவமனைச் சுற்று: குடும்ப மருத்துவம், உள்மருத்துவம், அவசர சிகிச்சை, அறுவை, குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம். சுமார் 2,000 மணி நேரம். தோற்பவர்கள் பெரும்பாலும் வகுப்பறைப் பாதியிலேயே தோற்கிறார்கள். அறிவு குறைவு என்பதைவிட, மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பழைய முறையை மாற்றிக்கொள்ளாததே காரணம். இங்கே கேள்வி ஒரு நோயாளியாக வரும், மூன்று நோய்கள் பொருந்தும், அடுத்து எந்தப் பரிசோதனை என்று கேட்பார்கள். பான்ஸ் தேர்வும் அதே பாணி: 300 கேள்வி, அறுபது அறுபதாக ஐந்து தொகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். படிப்பு முடித்த ஆறு வருஷத்துக்குள் அதிகபட்சம் ஆறு முறை எழுதலாம்.

இந்தியாவிலிருந்து போகும் பெண்ணுக்கு இந்த வழியில் எங்கெங்கே இடறும்? முதலில் மதிப்பெண் பட்டியல். அதை ஒரு மதிப்பீட்டு நிறுவனம் வழியாக அமெரிக்க முறைக்குப் பாடம் பாடமாக மாற்ற வேண்டும். அப்படியும் பல பள்ளிகள் முன்தேவைப் பாடங்களை அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலேயே படித்திருக்க வேண்டும் என்கின்றன. பாடங்களுக்குக் காலாவதியும் உண்டு, சில இடங்களில் ஐந்து வருஷம், சில இடங்களில் பத்து. இரண்டாவது விசா. சில பள்ளிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுப்பதே இல்லை. எடுக்கும் பள்ளியில் சேர்ந்தாலும் கல்விக் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தொடும் இடங்கள் பல. அரசுக் கடன் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. மூன்றாவது, படித்து முடித்த பிறகு. மாணவர் விசாவில் ஒரு வருஷம் வேலை பார்க்கலாம். அதற்குள் ஸ்பான்சர் செய்ய ஒரு மருத்துவமனை முன்வர வேண்டும். பின்தங்கிய பகுதியில் வேலை செய்தால் விசா நிபந்தனையைத் தளர்த்தும் கான்ராட் 30 திட்டம் டாக்டர்களுக்கு மட்டும், இவர்களுக்கு இல்லை. நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கும்போது சுகாதாரப் பணியாளருக்கான ‘விசாஸ்கிரீன்’ சான்றிதழும் தேவை. இத்தனையும் தாண்டிப் போனவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் திருமணம் அல்லது பெற்றோர் வழியாகக் குடியேற்ற உரிமை ஏற்கெனவே கிடைத்தவர்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வாய்ப்பு இருந்தால் கணக்கே மாறும். இல்லையென்றால் இந்தக் கனவை நம்பிக் கடன் வாங்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு உள்ள ஒரு பெரிய வசதி துறை மாறுவது. டாக்டர் துறை மாறினால் ரெசிடென்சி என்ற சிறப்புத் துறைப் பயிற்சியை மறுபடி தொடங்க வேண்டும். நோயைக் கணித்து மருந்து எழுதும் மேல்நிலை நர்ஸான நர்ஸ் பிராக்டிஷனர் குழந்தைகள், முதியோர், மனநலம் என்று ஒரு பிரிவில் பயிற்சி பெற்றவர். பிரிவு மாறினால் கூடுதல் படிப்பு. பிசிஷியன் அசிஸ்டன்ட் எலும்பு அறுவையிலிருந்து தோல் மருத்துவத்துக்கு அதே லைசென்ஸில் போகலாம். ஆனால் போன இடத்தில் மறுபடி புதிய ஆள்தான். முதல் ஆறு மாதம் கற்றுக்கொடுக்க யாரும் இல்லாத இடத்தில் அதிகச் சம்பளத்துக்குச் சேருவது மோசமான பேரம். முதல் வேலையில் சம்பளத்தை விட முக்கியமாகக் கேட்க வேண்டியவை மூன்று: சந்தேகம் வந்தால் கூப்பிடும் தூரத்தில் டாக்டர் இருக்கிறாரா, ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி, தவறுக்கான காப்பீடு வேலையை விட்ட பிறகும் பழைய வழக்குகளைத் தாங்குமா. மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. வேலையை விடும்போது அந்தப் பின்னோக்குக் காப்பீட்டை ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துச் சொந்தமாக வாங்க வேண்டியிருக்கும். இன்னொரு விஷயம்: பான்ஸ் தேறியதும் மறுநாள் வேலை தொடங்காது. மாநில லைசென்ஸ், கட்டுப்பாட்டு மருந்துகளை எழுத டி.இ.ஏ. எண் என்ற மத்திய அரசுப் பதிவு, காப்பீட்டு நிறுவனங்களில் பதிவு, மருத்துவமனையின் அனுமதிக் குழு என்று மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். அந்த இடைவெளிக்குக் கையில் பணம் வேண்டும். அதன் பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 100 மணி நேரத் தொடர்கல்வி, பத்து வருஷச் சுழற்சியில் மறுசான்றுத் தேர்வு. 2023 முதல் அந்த ஒற்றைத் தேர்வுக்குப் பதிலாகக் காலாண்டுக்கு 25 கேள்வி என்று வீட்டிலிருந்தே எழுதும் வழியும் உண்டு.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். இந்தப் படிப்பு இங்கே சென்னையில்தான் தொடங்கியது: 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் முயற்சியால். இதய அறுவையில் பயிற்சி பெற்ற கைகள் தேவைப்பட்டுப் பிறந்தது என்பதால், இன்றும் இந்தத் தொழில் இங்கே வலுவாக இருப்பது பெரிய தனியார் மருத்துவமனைகளின் இதயம், எலும்பு, நரம்பு, ஐ.சி.யூ. பிரிவுகளில். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருஷம் படிப்பும் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப்பும். வேலை என்று பார்த்தால் காலையில் கன்சல்டன்ட் வருவதற்கு முன் எல்லா நோயாளியையும் பார்த்து கேஸ் ஷீட் எழுதுவது, ரவுண்ட்ஸில் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்வது, அறுவைக்கு முன்னான பரிசோதனைகளைச் சரிபார்ப்பது, தியேட்டரில் உதவுவது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது, குடும்பத்தாருக்கு விளக்குவது. நல்ல கன்சல்டன்ட் கீழே இருந்தால் ஐந்து வருஷத்தில் ஒரு துறையை ஆழமாகத் தெரிந்துகொள்ளலாம். அப்படித் தேர்ந்தவரை எந்த சர்ஜனும் விடமாட்டார்.

ஆனால் இங்கே மருந்து எழுதும் தனி அதிகாரம் இல்லை. மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியது பதிவு பெற்ற டாக்டர்தான். தனியாகக் கிளினிக் வைத்து நோயாளி பார்ப்பது சட்டப்படி குற்றம். சில சிறிய மருத்துவமனைகளில் இரவு டூட்டி டாக்டருக்குப் பதிலாக இவர்களை உட்காரவைத்து, டாக்டர் பெயரில் ஆர்டர் எழுதவைக்கிறார்கள். அதில் ஏதாவது தவறினால் முதலில் மாட்டுவது அந்தப் பிள்ளைதான். வேலைக்குச் சேரும்போதே ‘இரவில் கையெழுத்துப் போடும் டாக்டர் யார், எங்கே இருப்பார்’ என்று கேட்கச் சொல்லுங்கள். சட்டத்தின் பக்கம் ஒரு நல்ல மாற்றம் உண்டு: 2021-இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் இந்தத் தொழிலையும் ‘பிசிஷியன் அசோசியேட்’ என்ற பெயரில் தன் பட்டியலில் சேர்த்தது, 2025-இல் ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டங்களில் இதுவும் ஒன்று. சட்டம் வந்துவிட்டதாலேயே நாளை மருந்து எழுதும் உரிமை வந்துவிடும் என்று ஆலோசகர்கள் பேசுவதை மட்டும் ஏற்காதீர்கள். அப்படி ஒன்றை அந்தச் சட்டம் கொடுக்கவில்லை. வேலை உயர்வும் ஒரு பிரச்சினை. பத்து வருஷம் கழித்து சீனியர், ஒருங்கிணைப்பாளர் என்ற பதவிகள் இருக்கும். அதற்கு மேல் பலர் மருத்துவமனை நிர்வாகம், மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பு, பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு என்று திரும்புகிறார்கள். அது தோல்வி இல்லை. சேரும்போதே தெரிந்திருந்தால் போதும்.

வேறு நாடுகளைப் பற்றியும் ஆலோசகர் சொல்லியிருப்பார். இங்கிலாந்தில் இது இளநிலைக்குப் பிறகு இரண்டு வருஷப் படிப்பு. 2024 டிசம்பரில்தான் டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் இவர்களுக்கும் பதிவைத் தொடங்கியது. 2025 ஜூலையில் வந்த, அரசு கேட்டுத் தயாரான லெங் அறிக்கை, இவர்களை மறுபடி ‘அசிஸ்டன்ட்’ என்று அழைக்க வேண்டும், நோய் என்னவென்றே தெரியாத நிலையில் வரும் நோயாளியை இவர்கள் முதலில் பார்ப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுருங்கிக்கொண்டிருக்கும் சந்தை அது. கனடாவில் தொழில் வளர்கிறது, ஆனால் அங்கும் தேசியத் தேர்வு எழுத அங்கீகரித்த படிப்பு வேண்டும். எந்த நாடானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: லைசென்ஸ் தேர்வில் உட்கார எந்தப் பட்டம் தேவை? பட்டத்தைப் பற்றி மட்டும் பேசி லைசென்ஸைப் பற்றிப் பேசாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் மகளுக்கு என் யோசனை. மருத்துவமனை வேலை பிடிக்கும், இறுதி முடிவு இன்னொருவருடையது என்பதை மனதார ஏற்க முடியும், இந்தியாவில் வேலை பார்க்கச் சம்மதம் என்றால் இது நல்ல படிப்பு, தயங்காமல் சேருங்கள். ‘டாக்டர் ஆக முடியாததால் இது’ என்ற எண்ணத்தோடு சேர்ந்தால் தினமும் ஜூனியர் டாக்டர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்தே வாடிவிடுவாள். அதற்கு இன்னொரு முறை நுழைவுத் தேர்வு எழுதுவதே மேல். வெளிநாடு போவதே முதல் நோக்கம் என்றால் பி.எஸ்சி. நர்சிங்கை நேர்மையாக எடை போடுங்கள். இந்தியப் பட்டத்தோடு அமெரிக்கப் பதிவு நர்ஸ் தேர்வை எழுத முடியும் என்பதால் அந்தக் கதவு திறந்திருக்கிறது, பிறகு அங்கேயே நர்ஸ் பிராக்டிஷனர் ஆகவும் வழி உண்டு.

பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பில்தான் சேர்ப்பது என்று முடிவானால் கல்லூரியைத் தேர்வதில் கவனமாக இருங்கள். பல்கலைக்கழக இணைப்பு ஆணையை எழுத்தில் கேளுங்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, எத்தனை படுக்கை, இதய அறுவையும் ஐ.சி.யூ.வும் உண்மையிலேயே ஓடுகின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். இணைப்பு மருத்துவமனை என்று சொல்லி வாரம் ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப்போகும் இடம் வேண்டாம். மூன்றாம் வருஷ மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, இதுவரை எத்தனை நோயாளியிடம் நீயே விவரம் கேட்டு எழுதினாய், எத்தனை முறை தியேட்டரில் கை கழுவி நின்றாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அங்கே வகுப்பறைதான் நடக்கிறது. படிக்கும் நான்கு வருஷமும் எந்தத் துறையில், யார் மேற்பார்வையில், எத்தனை மணி நேரம் என்று தேதிவாரியாக ஒரு பதிவேடு எழுதி, அவ்வப்போதே கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இங்கே நல்ல மருத்துவமனையில் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். என்றாவது குடியேற்ற வாய்ப்பு வந்து அமெரிக்கப் பள்ளிக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால், அனுபவ மணி நேரத்துக்கு அவள் கையில் இருக்கும் சாட்சியும் அதுவே. பத்து வருஷம் கழித்துப் பழைய கன்சல்டன்டைத் தேடிப்பிடித்துக் கடிதம் வாங்குவது லேசான வேலையில்லை.